வாவிக்கரை மாணாக்கரும் புதிய ஊடகங்களும்



புதிய கருவியொன்று மக்கள் கைக்கு வந்து சேரும்பொழுது, அது நமக்கு என்ன செய்து தரும் என்பதைப் பற்றியே முதலில் பேசுகின்றோம். அது நம்மை என்ன செய்கின்றது என்னும் வினா காலந் தாழ்த்தே எழுகின்றது. வானொலி வந்த காலத்தும் அவ்வாறே நிகழ்ந்தது. தொலைக்காட்சி வந்த காலத்தும் அவ்வாறே நிகழ்ந்தது. இன்று கைத்தொலைபேசியும் இணையமும் மாணாக்கரின் அன்றாட வாழ்வினுள்ளே புகுந்திருக்கின்றன. இப்பொருளைப் பொதுப்படப் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடும். ஆதலின், ஓர் ஊரை முன்னிறுத்திப் பேச விரும்புகின்றேன். அவ்வூர் பெரியகல்லாறு.

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருஞ்சாலை வழியே தெற்கு நோக்கிப் போவோமாயின், மாவட்டத்தின் எல்லையை அண்டிய பகுதியில் இவ்வூரைக் காணலாம். கிழக்கே வங்கக் கடல், மேற்கே வாவி, இடையே ஒடுங்கிய நிலம். சூரியன் எழும் பக்கத்து நிலத்தை எழுவான்கரை என்றும், வாவிக்கு அப்பாலுள்ள நிலத்தைப் படுவான்கரை என்றும் மட்டக்களப்பு மக்கள் அழகுறப் பெயரிட்டு வழங்குவர். பெரியகல்லாறு எழுவான்கரை ஊர். கடலும் வாவியும் உணவளிப்பினும், பிள்ளைகளின் முன்னேற்றத்துக்குக் கல்வியே வழியென நம்பும் ஊர்களுள் இதுவும் ஒன்று. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. நீண்ட போரின் துயரையும் இப்பகுதி மக்கள் அனுபவித்தனர். இத்தனைக்கும் பின்னர் பிள்ளைகள் புத்தகப் பையுடன் மீண்டும் பள்ளிக்குச் சென்றனர் என்பதை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்திலே தொடங்கியது. தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டில் வந்தது. ரூபவாகினி 1982ஆம் ஆண்டில் தொடங்கியது. அக்கருவிகளுக்கு ஒரு பொதுத்தன்மை இருந்தது. பலர் கூடியிருந்து ஒன்றைக் கேட்டனர். பலர் கூடியிருந்து ஒன்றைப் பார்த்தனர். தேநீர்க் கடையிலே ஒலித்த செய்தியைக் கேட்ட பத்துப் பேரும் அவ்விடத்திலேயே அதனைப் பற்றி வாதாடினர். வீட்டிலே நாடகங் கேட்ட பாட்டியும் பேரனும் ஒன்றாகவே சிரித்தனர். மேலும், நிகழ்ச்சி ஒவ்வொன்றுக்கும் தொடக்கமும் முடிவும் இருந்தன. நேரம் வந்ததும் உரை முடியும்; மாணவன் எழுந்து பாடநூலை எடுப்பான்.

இணையம் 1995ஆம் ஆண்டிலே இலங்கைப் பொதுமக்களுக்குக் கட்டணச் சேவையாகக் கிடைத்தது. முகநூல் 2004ஆம் ஆண்டிலும், யூடியூப் 2005ஆம் ஆண்டிலும், வாட்ஸ்அப் 2009ஆம் ஆண்டிலும் உலகுக்கு வந்தன. ஆயினும் வாவிக்கரை ஊர்களிலே இவை வீட்டுப் பொருளானது, திறன்பேசி மலிந்த பின்னரே. கணினி இன்றும் பெரும்பாலான இல்லங்களில் இல்லை. குடிசன மதிப்பீட்டுத் திணைக்களத்தின் அளவீடுகள், 2019ஆம் ஆண்டளவில், நாட்டின் ஐந்து வீடுகளுள் ஏறத்தாழ ஒன்றிலேயே கணினி இருந்ததைக் காட்டின. ஆகவே, நம் மாணவனுக்குக் கணினியும் நூலகமும் தபாலும் விளையாட்டிடமும் உள்ளங்கையளவான அந்தக் கண்ணாடித் துண்டே.

அதனால் விளைந்த நன்மைகளை முதலிற் சொல்லுதல் முறை. க.பொ.த. உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களைத் தேடி முன்னையோர் ஊரூராக அலைந்தனர். அவளோ வீட்டிலிருந்தே அவற்றைப் பெறுகின்றாள். விளங்காத கணக்கொன்றை ஆசிரியர் விளக்கும் காட்சியை நிறுத்தி நிறுத்தி மூன்று முறை பார்க்கின்றாள். வகுப்பிலே கை உயர்த்திக் கேட்க நாணிய பிள்ளைக்கு இஃது எத்துணை பெரிய ஆறுதல்! பரீட்சைப் பெறுபேறுகளைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலே தன் சுட்டெண்ணை இட்டுத் தானே அறிகின்றாள்.

இவற்றினும் பெரிது இன்னொன்றுண்டு. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரே இடத்திற் சேர்த்து வைத்த அறிவு ஓர் இரவில் அழியக்கூடும் என்பதை அன்று கண்டோம். பின்னர் 2005ஆம் ஆண்டிலே ஈழத்துத் தமிழ் ஆர்வலர்கள் நூலகம் என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினர். நம் நாட்டில் வெளிவந்த நூல்கள், இதழ்கள், நினைவு மலர்கள் ஆகியன பல்லாயிரக்கணக்கில் அங்கே பக்கம் பக்கமாகப் படியெடுத்து வைக்கப்பட்டுள்ளன. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் இலக்கியங்களை அவ்வாறே வழங்குகின்றது. பெரியகல்லாற்று மாணவன் ஒருவன் தன் பாட்டனார் காலத்து மட்டக்களப்பு மலரொன்றைப் படிக்க விரும்பினால், கட்டணமின்றிப் படிக்கும் வாய்ப்பு இன்றிருக்கின்றது. அந்த வாசலைத் தட்டுவோர் எத்தனை பேர் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

இனி, இக்கருவி நம்மைச் சோதித்த காலத்தைப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொரோனா நோயின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. அதன் பின்னர் ஏறத்தாழ ஈராண்டுகள் அவை திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தன. பாடங்கள் வாட்ஸ்அப்பிலும் சூமிலும் நடந்தன. வீட்டில் ஒரே தொலைபேசி. படிக்கும் பிள்ளைகள் மூவர். அத்தொலைபேசியையும் தந்தை வேலைக்கு எடுத்துச் செல்கின்றார். அந்நாள்களில் இந்நிலையை அறியாத ஏழைக் குடும்பம் உண்டோ? பதுளைப் பக்கத்து மலைநாட்டிலே போகிதியாவ என்னும் சிற்றூரின் பிள்ளைகள், அலைவரிசை கிடைக்கும் பாறை உச்சிக்குக் காட்டு வழியே நடந்து சென்று பாடங் கேட்டதை 2021ஆம் ஆண்டிலே உலகச் செய்தித் தாள்கள் வெளியிட்டன. மட்டக்களப்பிலோ இரு கரைகளுக்கும் இடையேயிருந்த பழைய இடைவெளி புதிய உருவத்தில் வெளிப்பட்டது. எழுவான்கரையில் நெருங்கிய குடியிருப்புகளும் பெருஞ்சாலையும் உள. படுவான்கரையிலோ ஊர்கள் வயல்களுக்கு இடையே சிதறிக் கிடக்கின்றன. 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அத்துறையிலே வாவியைக் கடக்க ஓடப்பாதையே துணையாயிருந்தது. பாலம் வந்ததும் மனிதர் கடந்தனர். ஆனால் வசதியிற் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கும் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கும் இடையே நீர் அவ்வாறே நின்றது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மின்சாரம் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை துண்டிக்கப்பட்டபொழுது, திரையை நம்பிய கல்வி எத்துணை மெலிந்தது என்பதையும் கண்டோம்.

நேயர்களே, இல்லாமையால் வருந் துன்பம் ஒரு பக்கம்; இருப்பதால் வருந் துன்பம் மறுபக்கம். முகநூலும் டிக்டொக்கும் பயன்படுத்துவோரிடம் பணம் கேட்பதில்லை. பெரும்பாலும் விளம்பரத்தினாலேயே அவை பொருளீட்டுகின்றன. நாம் எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கின்றோமோ அவ்வளவுக்கு அவற்றின் வருவாய் பெருகும். ஆதலின், முடிவு என்பதே இல்லாத வகையில் அத்திரை அமைக்கப்பட்டிருக்கின்றது. விரலால் ஒரு முறை தள்ளினால் இன்னொரு காட்சி. மறுமுறை தள்ளினால் மற்றொன்று. நூலின் அத்தியாயம் முடியும், வானொலி உரை முடியும், இது முடியாது. பத்து நிமிடம் பார்ப்போமென எடுத்த பிள்ளை நள்ளிரவிலே கண்சிவந்து எழுவதைச் சோம்பல் என்று மட்டும் ஏசுதல் நீதியாகாது. பதினைந்து வயதுப் பிள்ளையின் மனவுறுதிக்கு எதிரே, திறமைமிக்க பொறியியலாளர் பலரின் உழைப்பு நிற்கின்றது.

ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை இதனை ஆராய்ந்தது. தொலைபேசியாற் கவனங் கலைந்த மாணவர், மீண்டும் பாடத்திலே மனங் குவிப்பதற்கு இருபது நிமிடம் வரை செல்லக்கூடும் என்று அது எடுத்துக் காட்டியது. கணக்கிட்டுப் பாருங்கள். இரவு ஏழு மணி முதல் ஒன்பது மணிவரை படிக்கும் பிள்ளையின் தொலைபேசி ஆறு முறை ஒலித்தாற் போதும். அவ்விரண்டு மணி நேரமும் கரைந்துவிடும். புத்தகம் மேசையில் விரிந்தே கிடக்கும். படித்ததாகவே பிள்ளையும் நம்பும்.

இன்னொரு தீமை நம் அயலிலேயே நிகழ்ந்தது. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அம்பாறை நகரிலே, முஸ்லிம் ஒருவரின் உணவுக் கடையில் உணவோடு மலட்டு மாத்திரை கலக்கப்பட்டது என்னும் பொய் பரவியது. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. உண்ட மாத்திரத்தில் ஒருவரை நிலையான மலடாக்கும் மாத்திரை என ஒன்று உலகிலே இல்லை. ஆயினும் அப்பொய் முகநூலிலே நாடெங்கும் சென்றது. சில நாள்களில் கண்டிப் பகுதியிலே வன்செயல் வெடித்தது. அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. அவ்வன்செயலில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020ஆம் ஆண்டிலே வருத்தந் தெரிவித்தது. எரிந்த வீடுகளுக்கு அவ்வருத்தம் என்ன செய்யும்? தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இக்கிழக்குக் கரையிலே, ஒரு மாணவன் ஆராயாமல் அனுப்பும் ஒரு செய்தி, அயலூர்த் தோழனின் வீட்டுக் கூரையிலே தீயாய் விழக்கூடும். யார் சொன்னார், எப்பொழுது சொன்னார், வேறெவர் உறுதி செய்தார் என்னும் மூன்று வினாக்களையும் கேளாமல் எதனையும் பிறருக்கு அனுப்பலாகாது. வள்ளுவர் மெய்ப்பொருள் காணச் சொன்னது இக்காலத்துப் பிள்ளைகளுக்கே சொன்னதுபோல் இருக்கின்றது.

பெண் பிள்ளைகளின் படங்களை எடுத்து மாற்றியமைத்து அச்சுறுத்தும் கொடுமையையும் மறைத்துப் பேசுதல் தகாது. அவ்வாறு துன்புறும் பிள்ளை பெரும்பாலும் பெற்றோரின் சினத்துக்கு அஞ்சியே மௌனமாகின்றது. தாய்மாரே, தந்தைமாரே, பிள்ளை வாய்திறந்த அப்பொழுதில் ஏசாதீர்கள். தொலைபேசியைப் பறிப்பதும் படிப்பை நிறுத்துவதும் தீங்கிழைத்தவனை விட்டுத் துன்புற்றவளைத் தண்டிப்பதாகும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்தை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருத்தல் வேண்டும்.

அவ்வாறாயின் இக்கருவியை அறவே விலக்கிவிடலாமா? அவுஸ்திரேலிய நாடு பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2025ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சட்டம் வாசலை அடைக்கலாம். உள்ளே செய்யவேண்டிய பயிற்சியை அது செய்யாது. அதிலும், பாடக் குறிப்புகளையே வாட்ஸ்அப்பில் அனுப்பும் நம் ஊர்களில் முழு விலக்கு என்பது கைகூடாத காரியம். செய்யக்கூடியவற்றைச் சொல்கின்றேன்.

வீட்டில், படிக்கும் நேரத்திலும் உறங்கும் நேரத்திலும் தொலைபேசிக்கென ஓர் இடம் இருக்கட்டும். அது பிள்ளையின் தலையணைக்கு அருகே இருத்தலாகாது. இவ்விதி தந்தைக்கும் தாய்க்கும் பொருந்துமாயினே பிள்ளை அதனை மதிக்கும். பாடசாலையில், குறிப்புகளை அனுப்பும் நேரத்தை ஆசிரியர்கள் வரையறுப்பாராயின், இரவு பத்து மணிக்குப் பாடத்தைக் காரணங்காட்டித் திரையைத் திறக்கும் பழக்கம் குறையும். செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியிற் கட்டுரை எழுதித் தரும் காலம் இது. ஆகவே, எழுதி வந்ததை வாங்கி வைப்பதோடு நில்லாமல், எழுதியதை வகுப்பிலே நின்று விளக்கச் செய்வதும் வேண்டும். ஊரில், வாசிகசாலை மீண்டும் உயிர் பெறட்டும். இரண்டு கணினிகளும் ஓர் இணைய இணைப்பும் ஒரு பொறுப்பாளரும் அங்கே இருப்பின், வீட்டில் வசதியற்ற பிள்ளைக்கு மாலைதோறும் ஓர் இடம் கிடைக்கும். கூடியிருந்து கேட்ட அந்தப் பழைய நன்மையும் ஓரளவு திரும்பும். படுவான்கரைப் பாடசாலைகளுக்கும் அவ்வசதி சென்று சேருமாறு கேட்பது, வசதி பெற்ற எழுவான்கரையின் கடமையாகும்.

இறுதியாக மாணாக்கர்களுக்கு ஒரு சொல். இணையத்திலே நீங்கள் வெறும் பார்வையாளராக இருக்க வேண்டுவதில்லை. 2003ஆம் ஆண்டு தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய காலத்திலே அதற்கு அடித்தளமிட்டு, ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மயூரநாதன் என்பார். தொழில் செய்துகொண்டே ஓய்வு நேரத்தில் அதனைச் செய்தார். உங்கள் வாவியிலே மீன்பிடிப்போர் வழங்கும் வலைகளின் பெயர்களையும், காற்றுகளின் பெயர்களையும் எந்த அகராதி முற்றாகச் சொல்லும்? வைகாசியிலே கண்ணகையம்மன் குளிர்த்தி எவ்வாறு நிகழ்கின்றது, வடமோடிக்கும் தென்மோடிக்கும் ஆட்டத்திலுள்ள வேறுபாடு யாது என்பவற்றை அறிந்த முதியோர் உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றனர். அத்தொலைபேசியைக் கொண்டு அவர்களின் குரலை, அவர்களின் இசைவோடு, பதிவு செய்யுங்கள்; கேட்டதைச் சரிபார்த்து எழுதுங்கள்; நூலகத்திலும் விக்கிப்பீடியாவிலும் சேருங்கள். இவ்விடுமுறையில் ஒரு முதியவரிடம் ஒரு மணி நேரம் அமர்ந்து அதனைத் தொடங்கலாம்.