கடன் பெற்றவர்க்கே மானியமா?



திருப்பூரிலே ஊருக்கெல்லாம் பனியன் தைக்கும் தொழிலாளி, தன் குடும்பத்துக்கென ஒரு கூரை தேடுகிறான். 2024இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம், ஆண்டு வருமானம் 9 லட்ச ரூபாய்வரை உள்ளோர்க்கு வட்டி மானியம் என்கிறது. கடனில் முதல் 8 லட்சத்துக்கு 4 விழுக்காடு; 5 ஆண்டுத் தவணைகளில் 1.80 லட்சம்வரை கிடைக்கும். நன்று, வரவேற்போம்!

ஆனால் கடன் பெற்றால்தான் மானியம். வருமானத்தை மெய்ப்பித்தால்தான் கடன். வாரக்கூலி பெறுபவனிடம் சம்பளச் சீட்டு ஏது? பந்தியை விரித்துவிட்டு, பசித்தவனை வாயிலிலே நிறுத்துவது முறையா?

கூலிக் கணக்கையும் ஒழுங்காகக் கட்டிய வாடகையையும் வங்கிகள் சான்றாக ஏற்கவேண்டும். இதுவே நம் கோரிக்கை. வட்டந்தோறும் முழங்குவீர்! விண்ணப்பம் எழுதத் தெரியாதாரின் கையாக நிற்பீர்!