காளான் மாத்திரையும் மூளையும்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா கேட்டார்: "காளான் மாத்திரை சாப்பிட்டா ஞாபகசக்தி கூடுமாமே, வாங்கிக் குடுக்கட்டுமா சார்?" ஒரு டப்பா அவருக்கு நான்கு நாள் கூலி.

அவர் கேள்விப்பட்டது முழுப் பொய்யல்ல. 2023-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 'லயன்ஸ் மேன்' எனும் சிங்கப்பிடரிக் காளானில் உள்ள ஹெரிசீன் ஏ போன்ற சேர்மங்கள் நரம்புச் செல்களின் கிளைகளை வளரச் செய்வதையும், அவற்றைப் பெற்ற எலிகளின் நினைவாற்றல் கூடுவதையும் கண்டனர். 2009-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், லேசான நினைவுக் குறைபாடுள்ள 50 முதல் 80 வயதினருக்கு 16 வாரம் இக்காளான் மாத்திரை கொடுத்தார்கள். மதிப்பெண் உயர்ந்தது, நிறுத்திய நான்கு வாரத்தில் இறங்கியது.

எலியும் முதியவரும் நம் மாணவர்கள் அல்லர். புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை நினைவுகூரும்போது நரம்பிணைப்புகள் வலுப்படுகின்றன; உறக்கத்தில் நினைவு நிலைபெறுகிறது. இதற்குச் செலவே இல்லை.

"மாத்திரை வேண்டாம்மா. நம்ம பக்கம் வைக்கோல்ல வளர்க்கிற சிப்பிக் காளான் கிடைச்சா குழம்பு வைங்க, புரதம் இருக்கு. பையனைப் பத்து மணிக்குத் தூங்க விடுங்க" என்றேன்.

நம் பங்கு? பாடம் தொடங்கும்முன் ஐந்து நிமிடம், நேற்றைய பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் சொல்லச் சொல்வோம்.