கை விரையும் வழி

தலைநகரில் குடியேறிய நம் குடும்பங்களில் பிள்ளை கிரிக்கெட் மட்டையை எடுத்தால் பெருமை கொள்வோம். வயலின் வில்லை எடுத்தால் பூரித்துப் போவோம். குத்துச்சண்டைக் கையுறையை எடுத்தால் மட்டும் வீட்டில் புயல் வீசும். எம் இளைய மகன் ஒரு நாள் அவ்வாறு வந்து நின்றான். பிவானியின் விஜேந்தர் சிங் 2008இல் பீஜிங்கிலும், மணிப்பூரின் மேரி கோம் 2012இல் லண்டனிலும் ஒலிம்பிக் வெண்கலம் வென்றதை எடுத்துரைத்தான். தாயார் இசையவில்லை. ஒரு மாதம் பார்ப்போம் என்று தவணை கூறி, நாமும் அவனுடன் பயிற்சிக்கூடம் சென்றோம்.

முதல் வாரத்திலேயே மூக்கில் குத்து வாங்கினான். கை வேகம் போதவில்லை என்று நாம் கருதினோம். பயிற்சியாளரோ, கை விரைவாகத்தான் போகிறது, திரும்பி வருவதுதான் தாமதம் என்றார். பிறகு அவர் ஓயாமல் கூறியது, 'டீலா சோடோ' என்னும் இரண்டே சொற்கள். தளர்த்துதல் என்பது விதிகளுக்கு மட்டுமே உரியது என்று, கோப்புகளை மொழிபெயர்த்தே பழகிய நாம் எண்ணியிருந்தோம்!

இதன் காரணம் எளிது. மேற்கையின் பின்புறத் தசை சுருங்கினால் முழங்கை நீளும். அவ்வேளை முன்புறத் தசை இடங்கொடுக்க வேண்டும். அச்சத்தால் இரண்டும் இறுகினால், தேரை இழுத்துக்கொண்டே முட்டுக்கட்டையும் போடுவது போலாகும். ஆகையால் கையைத் தளர்வாக விட்டு, குத்து படும் கணத்தில் மட்டும் முட்டியை இறுக்க வேண்டும். பின்னங்காலின் குதி திரும்ப, இடுப்பும் தோளும் தொடர, கை இறுதியில் புறப்படுகிறது.

கண்ணாடி முன் நின்று நிழலுடன் பொருதுவது இதற்குச் சிறந்த பயிற்சி. தரைக்கும் கூரைக்கும் இடையே மீள்கயிற்றில் கட்டிய பந்தைக் குத்துவது அடுத்தது. தாமதித்த கையை அது முகத்திலேயே வந்து தண்டிக்கும். பத்து வினாடி முழு வேகம், பின்னர் போதிய ஓய்வு என்பதே முறை. களைத்த கையுடன் வேகம் பழகினால் மந்தமே பழகும். கனத்த இரும்புக் குண்டுகளை ஏந்திக் காற்றில் குத்துவதை நாம் ஏற்பதற்கில்லை. பாரம் கீழ்நோக்கி இழுக்கிறது, குத்தோ முன்னோக்கிப் போகிறது.

வேகம் ஒன்றே போதுமா? அமெரிக்காவின் ஃபிளாய்ட் பேட்டர்ஸன் 1956இல், 21 வயதில், மிகு எடைப் பிரிவின் உலக வீரரானார். கன்னத்தருகே கைகளை வைத்து மின்னலெனக் குத்தியவர் அவர். ஆயினும் 1962இல் ஸானி லிஸ்டன் முதல் சுற்றிலேயே அவரை வீழ்த்தினார். மறு ஆண்டும் அவ்வாறே. அதே லிஸ்டனை 1964இல், பின்னர் முகம்மது அலி எனப் பெயர் பெற்ற காஸியஸ் கிளே வென்றார். அவருக்குக் கை மட்டுமன்று, காலும் விரைந்தது.

தலையில் தொடர்ந்து விழும் அடி மூளைக்குத் தீங்கு என்பதை மருத்துவர் மறைப்பதில்லை. எனவே எதிராளியுடன் பொருதும் நாட்களைக் குறைத்து, தற்காப்பை முதலில் கற்பிக்குமாறு பயிற்சியாளரிடம் வேண்டிக்கொண்டோம். அவரும் இசைந்தார்.

தவணை முடிந்து இரண்டு மாதமாயிற்று. மாலையில் மகன் மொட்டைமாடியில் நிழலுடன் பொருதுகிறான். துணி எடுக்க வந்த தாயார் சற்று நின்று பார்க்கிறார்.

"டேய், இடக்கை இறங்குது பார்" என்கிறார்.