காலி நாற்காலியை வைத்தும் கூட்டம் நடக்கும்



நம்ம சேர்வராயன் மலையைத் தோண்டி, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு பாக்சைட் கொண்டுபோன காலத்தைப் பார்த்தவர்கள் நாம். இனி ஒரு சுரங்கத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பேப்பரில் நோட்டீஸ் வந்தால், கோபத்துல "நாங்க வரல"ன்னு வீட்டில் உட்காரக் கூடாது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைப் படித்தோம். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்கே அதில் இல்லை. காலி நாற்காலியை வைத்தே முடித்துவிடலாம்!

அதே அறிவிக்கையில் நமக்கும் பிடி இருக்கு. குறைந்தது 30 நாள் முன்பே நோட்டீஸ் தரணும். திட்ட அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் கலெக்டர் ஆபீசில் இருக்கணும், போய்க் கேளுங்க. கூட்டக் கடைசியில், பேசியதன் பதிவைத் தமிழில் வாசித்து விளக்கி, அன்றைக்கே கலெக்டரோ அவர் அனுப்பிய அதிகாரியோ கையெழுத்துப் போட வேண்டும். ஊற்று வற்றும், காப்பியும் மிளகும் போகும் என்று நீங்க சொன்னது அந்தத் தாளில் ஏறாமல் கலையாதீர்கள்.

ஆனால் அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. அதனாலதான் கிராம சபையை விடக் கூடாது என்கிறோம். ஒடிசாவின் நியாம்கிரியும் பாக்சைட் மலைதான். கிராம சபைகளைக் கேளுங்கள் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 சபைகளும் வேண்டாம் என்றன. 2014-ல் மத்திய அரசு அனுமதி மறுத்தது.

அடுத்த கிராம சபைக்குத் தீர்மானம் எழுதி வந்திருக்கிறோம். வாசிக்கிறோம், குறை இருந்தா இப்பவே சொல்லுங்க.