குறுகிய பயணமும் கார் எஞ்சினும்

டில்லி ராமகிருஷ்ணபுரத்தில் வசிக்கும் நாம், சரோஜினி நகர்ச் சந்தைக்கும் மலைமந்திருக்கும் மட்டுமே காரில் போய்வருகிறோம். "அதிகம் ஓடாத வண்டி, புதிது போலவே இருக்கிறது" என்று பெருமையும் கொள்கிறோம். 2024 ஜனவரியில் அப்பெருமை குலைந்தது. ஊருக்குப் புறப்பட்ட விடியற்காலையில் பாட்டரி உயிரற்றுக் கிடந்தது. ரயிலைத் தவறவிட்டோம்.

1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. எஞ்சின் நன்கு சூடேறினால் அது வெளியேறிவிடும். 10 நிமிஷத்தில் நிறுத்திவிட்டாலோ, ஒரு பகுதி குளிர்ந்து புகைக்குழாயில் தங்கித் துருவை உண்டாக்குகிறது, எண்ணெயிலும் கலக்கிறது. எரியாத பெட்ரோலும் உடன் சேர்ந்து எண்ணெயின் வழுவழுப்பைக் கெடுக்கிறது. வண்டியைக் கிளப்புகையில் பாட்டரி இழந்த மின்சாரத்தை மீட்கவும் அவகாசம் போதாது. வெப்பமானியின் முள் ஏறிவிட்டதே என்று எண்ணலாகாது. அது காட்டுவது நீரின் சூட்டை. எண்ணெய் சூடேற மேலும் நேரம் பிடிக்கும்.

ஆகவே இத்தகைய வண்டிக்கு எண்ணெய் மாற்றுவதில் கிலோமீட்டர்க் கணக்கு மட்டும் உதவாது. மாதக் கணக்கையும் பார்த்தல் வேண்டும். நாம் இப்பொழுது ஞாயிறுதோறும் குருகிராமம் வரை ஓட்டிச் சென்று திரும்புகிறோம். சந்தைக்கோ, பையை எடுத்துக்கொண்டு நடந்தே போகிறோம்.