கைப்பேசியும் கிழவர்களும்

(கீரமங்கலத்தில் பேசியது)



பூக்கடையில் எடையையும் விலையையும் மனக்கணக்காய்ப் போடுகிற பெரியவர், கைப்பேசியை எடுத்தால் பேரனைக் கூப்பிடுகிறார். ரகசிய எண்ணையும் அவனிடமே ஒப்புவிக்கிறார். அப்புறம் பென்ஷன் யாருடையது? கேட்டால், "வயதானால் புத்தி மழுங்கிவிடும்" என்கிறார்கள். இது சுத்தப் புரட்டு! நாற்பதுக்குமேல் கண்வில்லை இறுகிக் கிட்டத்து எழுத்து மங்குகிறது. விரல் உலர்ந்தால் கண்ணாடித்திரை தொடுவதைச் சில சமயம் உணருவதில்லை. எறும்பு எழுத்தும், பெயரில்லாத பொம்மைக்குறியும் வைத்தவன் வாலிபன் கண்ணையே அளவாகக் கொண்டான். செருப்புக்காகக் காலை வெட்டுவதா?

அச்சுக்கு இடைஞ்சலான தமிழெழுத்தை 1935-லேயே 'குடி அரசு' மாற்றி அச்சிட்டது. 1978-ல் சர்க்காரும் ஒப்புக்கொண்டது. எழுத்தையே மாற்றலாமென்றால் இந்தப் பெட்டி எம்மாத்திரம்?

பாங்கிக் கணக்குக்காகக் கைப்பேசி முன் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள். திராவக வீச்சில் இமை சிதைந்தவர்கள் என்ன செய்வார்கள்? வழக்காடினார்கள். இந்த வசதிகளைப் பெறுவதும் உயிர்வாழும் உரிமையில் அடங்கியதென்று 2025 ஏப்ரல் 30-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்து, மாற்று வழியும் வைக்கச் சொல்லிற்று. நம் கிழவர்களோ தலைவிதியை நொந்துகொள்ளுகிறார்கள்.

எழுத்தைப் பெரிதாக்கும் வழி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதற்குப் போகிற வாசலும் எறும்பு எழுத்தில்தான்! ஆகவே வாலிபத் தோழர்களே, கூட்டம் முடிந்ததும் நின்று, பெரியவர்களுக்கு அதைச் செய்துகொடுத்துவிட்டுப் போங்கள். ரகசிய எண்ணை மட்டும் கேட்காதீர்கள்.