தலைக்கவசமும் நஷ்ட ஈடும்

மோட்டார் சைக்கிள் ஒரு காலத்தில் வசதி படைத்தோரின் ஊர்தியாக இருந்தது. இன்று அது உழைப்பாளியின் ஊர்தி. மும்பை, பெங்களூர், சூரத், தில்லி முதலிய நகரங்களுக்குப் பிழைப்பை நாடிச் சென்ற நம்மவரிற் பலர் வேலைக்குப் போவதும், சரக்கு எடுத்துச் செல்வதும், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் இந்த இரு சக்கரங்களின் மேல்தான். ஆகவே, வீதியில் நேரும் விபத்துக்கும் அவர்களே எளிதில் இரையாகின்றனர்.

அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவரை நோக்கி முதலில் எழும் கேள்வி, "தலைக்கவசம் அணிந்திருந்தீரா?" என்பது. "இல்லை" என்று விடை வந்துவிட்டால், "அப்படியானால் உமக்கு வழக்கே கிடையாது, கொடுப்பதை வாங்கிக்கொண்டு கையெழுத்திடும்" என்று சொல்ல நாலு பேர் முன்வந்து விடுகின்றனர். அறியாத ஊர், புரியாத மொழி. அவரும் கையெழுத்திட்டு விடுகின்றார். சட்டம் உண்மையில் அப்படித்தான் கூறுகின்றதா? இதனைச் சற்று ஆராய்வோம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு, வண்டி ஓட்டுபவரும் பின்னால் அமர்ந்து செல்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று விதிக்கின்றது. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு மட்டும் விலக்கு உண்டு. விதியை மீறினால் 1000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பும் உண்டு. இது குற்றத்திற்கு உரிய தண்டனை. நஷ்ட ஈடோ வேறு ஒன்று. அபராதம் சர்க்காருக்குச் செலுத்துவது. நஷ்ட ஈடு, பிறருடைய அஜாக்கிரதையால் ஒருவர் அடைந்த இழப்பை ஈடுசெய்வது. தலைக்கவசம் அணியாதவர் நஷ்ட ஈடு கேட்கலாகாது என்று அச்சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை.

அப்படியானால் தலைக்கவசம் பற்றிய பேச்சு வழக்கில் எங்கே நுழைகின்றது? இங்கே இரண்டு கேள்விகளை நாம் பிரித்தறிய வேண்டும். விபத்து யாரால் நேர்ந்தது என்பது முதற்கேள்வி. காயம் எதனால் இவ்வளவு கடுமையாயிற்று என்பது இரண்டாவது. சிவப்பு விளக்கை மதியாமல் வந்த லாரி ஒன்று மோட்டார் சைக்கிளின் மேல் மோதிற்று என்று கொள்வோம். ஓட்டியவர் தலையில் கவசம் இருந்திருந்தாலும் அந்த லாரி நின்றிருக்கப் போவதில்லை. எனவே முதற்கேள்விக்கும் தலைக்கவசத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இரண்டாவது கேள்விக்குத்தான் அது பொருந்தக்கூடும். அதுவும் எல்லாக் காயங்களுக்கும் அன்று. கால் முறிந்தவருக்குத் தலைக்கவசம் என்ன செய்திருக்கும்? விலா எலும்பையோ தோளையோ அது காத்திருக்குமா? மண்டையில் அடிபட்ட வழக்கில் மட்டுமே, "கவசம் இருந்திருந்தால் காயம் குறைந்திருக்கும்" என்ற வாதத்துக்கு இடமுண்டு.

இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் அளித்த ஒரு தீர்ப்பு தெளிவாக்கிற்று. அது தலைக்கவச வழக்கன்று. ஒரே மோட்டார் சைக்கிளில் மூவர் சென்ற வழக்கு. பின்னால் வந்த கார் மோதி, அமர்ந்து சென்ற இளைஞர் ஒருவர் மாண்டார். மூவர் சென்றது சட்ட மீறல் என்று கூறி உயர் நீதிமன்றம் நூற்றுக்குப் பத்து வீதம் ஈட்டைக் குறைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அக் குறைப்பை நீக்கிற்று. சட்ட மீறல் ஒன்றே போதாது. அம்மீறலுக்கும் விபத்துக்குமோ, அம்மீறலுக்கும் காயத்தின் கடுமைக்குமோ காரண காரியத் தொடர்பு இருத்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். தலைக்கவச வழக்குகளையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம்.

அத்தொடர்பை மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது? அவ்வாறு வாதிடும் எதிர்த்தரப்பினருடையதே. அதாவது வண்டிக்காரரும் இன்ஷியூரன்ஸ் கம்பெனியும்தான். மெய்ப்பித்தாலும் முழு ஈடும் போய்விடுவதில்லை. ஈடு 10 லட்ச ரூபாய் என்று கணக்கிடப்பட்டு, காயம்பட்டவர் பங்கு நூற்றுக்குப் பத்து என்று தீர்மானிக்கப்பட்டால், குறைவது ஒரு லட்சம்; 9 லட்சம் அவருக்கு உரியது. அந்த 9 லட்சத்துக்கு உரியவர் சில ஆயிரங்களுக்குக் கையெழுத்திடுவது எத்துணைப் பெரிய இழப்பு!

வெளி மாநிலத்தில் வாழும் நேயர்கள் மனத்திற் கொள்ளத்தக்க செய்திகள் சில உண்டு. விபத்து நேர்ந்த ஊரில்தான் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதில்லை. 166-ஆவது பிரிவின்படி, மனுதாரர் வசிக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். புனேயில் அடிபட்டு, வேலை இழந்து, திருநெல்வேலிக்கே திரும்பிவிட்டவர் அங்கேயே தம் தாய்மொழியில் வக்கீலிடம் நிலைமையை விளக்கி வழக்கு நடத்தலாம். ஆனால் காலம் தாழ்த்தலாகாது. 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்ற கெடு சட்டத்தில் உள்ளது. அக்கெடுவை எதிர்த்து வழக்குகள் எழுந்துள்ளன. அவற்றை நம்பிக் காத்திராமல் கெடுவுக்குள் மனுச் செய்வதே விவேகம்.

போலீசார் பதியும் முதல் தகவல் அறிக்கையின் பிரதியைக் கேட்டுப் பெறுக. புகார் கொடுத்தவருக்கு அது இலவசம். அது மராத்தியிலோ கன்னடத்திலோ இருப்பின், படித்துச் சொல்ல ஒருவரை வைத்துக்கொண்டு, அதன்பின் கையெழுத்திடுக. ஆஸ்பத்திரிச் சீட்டில் காயம் எந்த உறுப்பில் என்பது ஐயமின்றி எழுதப்பட்டுள்ளதா என்று நோக்குக. தலைக்கவச வாதத்துக்கு விடை அந்தச் சீட்டில்தான் உள்ளது. மருந்துக் கடை ரசீதும் சம்பளச் சான்றும் பத்திரமாய் இருக்கட்டும். வக்கீலுக்குக் கொடுக்க வகையற்றோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களும், தொழிற்சாலைத் தொழிலாளரும், குறைந்த வருமானத்தினரும் இலவச உதவிக்கு உரியவர்கள்.

யார் பிழை என்று வாதிடாமலே பெறும் வழியும் ஒன்றுண்டு. 164-ஆவது பிரிவின்படி உயிரிழப்புக்கு 5 லட்சமும், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் பெறலாம். ஆயினும் அத்தொகையை அதற்குரிய முறைப்படி ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் உள்ள பெரிய மனு அற்றுப்போகும். ஆதலால் வக்கீலைக் கலந்த பின்னரே ஏற்றல் நன்று.

இவ்வளவும் கூறியதால் தலைக்கவசம் வேண்டாதது என்று யாரும் கொள்ளற்க. தீர்ப்பாயம் பணத்தைத்தான் தரும். கலங்கிய மூளையைத் தெளிவித்துத் தர எந்தத் தீர்ப்பாயத்தாலும் இயலாது. கவசம் அணிந்து, அதன் வாரையும் இறுக்கிக் கட்டுவது நம் குடும்பத்துக்கு நாம் செய்யும் கடமை. கவசமின்றி ஒருவர் அடிபட்டுவிட்டாலோ, அவர் உரிமையை இழந்தவர் அல்லர் என்பதை அவருக்கு எடுத்துரைப்பது, அயலூரில் அவர் அருகே வாழும் நம் கடமை.